மணலில் தமிழ் படித்த ஜெர்மன்காரர்!



கடவுள் மனிதர்களோடு பேசுவாரா? பேசுவார் என்றால், எந்த மொழியில் பேசுவார்? நீங்கள் எப்போதாவது இப்படி யோசித்தது உண்டா?

ஒவ்வொரு சமயமும் இந்தக் கேள்விக்குத் தன் வழியில் விடை சொல்கிறது. கடவுள் பல வழிகளில் பேசுகிறார், அவற்றுள் முக்கியமான வழி பைபிள் என்னும் வேத நூல் என்பது கிறிஸ்தவர்கள் சொல்லும் விடை.

பைபிள் ஒரே நாளில் வானத்திலிருந்து விழுந்த புத்தகம் என்று அவர்கள் சொல்வதில்லை. பல நூற்றாண்டுகளில், பலர் எழுதியது அது. ஆடு மேய்த்தவர், மீன் பிடித்தவர், வரி வசூலித்தவர், மருத்துவர், அரசர் என்று பலதரப்பட்டவர்களின் பெயர்கள் அதோடு சேர்த்துச் சொல்லப்படுகின்றன. எழுதிய கை மனிதனுடையது. ஆனால், அந்த மனிதனின் உள்ளத்தில் இருந்து வழி நடத்தியது கடவுளின் ஆவி என்பது அவர்கள் நம்பிக்கை. வாசிப்பவரின் உள்ளத்திலும் அதே ஆவி இருந்து பொருளை உணர்த்தும் என்றும் நம்புகிறார்கள்.

இங்கேதான் ஒரு சிக்கல் வருகிறது. பைபிளின் பழைய ஏற்பாடு பெரும்பாலும் எபிரேய மொழியிலும், புதிய ஏற்பாடு கிரேக்க மொழியிலும் எழுதப்பட்டவை. அந்த மொழிகள் தெரியாதவர் என்ன செய்வார்? அன்பான தாத்தா உங்களுக்கு நீண்ட கடிதம் எழுதுகிறார். ஆனால், அது உங்களுக்குத் தெரியாத மொழியில் இருக்கிறது. கையில் கடிதம் இருந்தும் தாத்தா பேசுவது கேட்காது அல்லவா?

இந்தச் சிக்கலைத் தீர்க்க, சுமார் 300 ஆண்டுகளுக்கு முன் ஓர் இளைஞர் ஜெர்மனியிலிருந்து நம் தரங்கம்பாடிக்கு வந்தார். 36 வயதில் இறந்து போனார். அதற்குள் அவர் செய்த வேலையைக் கேட்டால் மலைத்துப் போவீர்கள்! அவர் பெயர் பர்த்தலோமேயு சீகன்பால்கு. அவர் கதையைத்தான் இந்த வாரம் பார்க்கப் போகிறோம்.

அம்மா விட்டுச் சென்ற சொத்து

ஜெர்மனியின் சாக்சனிப் பகுதியில் புல்ஸ்நிட்ஸ் என்று ஒரு சிற்றூர். அங்கே 1682ம் ஆண்டு சீகன்பால்கு பிறந்தார். தந்தை தானிய வியாபாரி. வீட்டில் சகோதரிகளும் உண்டு. சிறு வயதிலிருந்தே அவருக்கு உடல் நலம் சரியில்லை. அடிக்கடி நோயில் படுத்து விடுவார்.

அவர் சிறுவனாக இருந்தபோதே தாயார் கடும் நோயில் விழுந்தார். பிழைக்க மாட்டோம் என்று தெரிந்ததும், பிள்ளைகளை அருகில் அழைத்தார். அவர்களுக்காகப் பெரிய புதையல் ஒன்றைச் சேர்த்து வைத்திருப்பதாகச் சொன்னார். எங்கே என்று பிள்ளைகள் கேட்க, பைபிளைத் தேடிப் பார்க்கும்படியும், அதன் ஒவ்வொரு பக்கத்தையும் தன் கண்ணீரால் நனைத்திருப்பதாகவும் சொல்லிவிட்டுக் கண் மூடினார். இப்படி ஒரு செய்தி அவர் வரலாற்றில் சொல்லப்படுகிறது. அதன்பின் தந்தையும் இறந்து விட்டார்.

அம்மாவின் புதையலைச் சீகன்பால்கால் திறந்து பார்க்க முடிந்தது. காரணம் என்ன தெரியுமா? அது ஜெர்மன் மொழியில் இருந்தது! அவர் பிறப்பதற்கு ஏறக்குறைய 150 ஆண்டுகளுக்கு முன்பே மார்ட்டின் லூத்தர் என்பவர் பைபிளை ஜெர்மன் மொழியில் பெயர்த்திருந்தார். 1522ல் புதிய ஏற்பாடும், 1534ல் முழு பைபிளும் வெளிவந்தன. அதனால்தான் ஒரு தானிய வியாபாரியின் மகன், யார் உதவியும் இல்லாமல் அதைத் தானே படிக்க முடிந்தது.

வளர்ந்ததும் ஹாலே நகரில் படித்தார். அங்கே பிராங்கே என்ற பேராசிரியர் பெரிய அநாதை இல்லமும், பள்ளிகளும் நடத்தி வந்தார். ஏழைப் பிள்ளையும் எழுதப் படிக்க வேண்டும், வேதத்தைத் தானே வாசிக்க வேண்டும் என்பது பிராங்கேயின் கொள்கை. அது சீகன்பால்கின் மனதில் ஆழமாகப் பதிந்தது.

ஏழு மாதக் கடல் பயணம்

தரங்கம்பாடி அப்போது டென்மார்க் நாட்டின் வியாபாரக் கம்பெனி வசம் இருந்தது. 1620ல் தஞ்சையை ஆண்ட ரகுநாத நாயக்கரோடு செய்துகொண்ட ஒப்பந்தப்படி டேனிஷ்காரர்கள் அங்கே குடியேறி, கடற்கரையில் கோட்டை கட்டினார்கள். டான்ஸ்போர்க் என்று பெயர் பெற்ற அந்தக் கோட்டையை இன்றும் பார்க்கலாம்.

டென்மார்க் மன்னர் நான்காம் பிரடெரிக், அங்கே சமயப் பணிக்கு ஆட்களை அனுப்ப விரும்பினார். சீகன்பால்கும், அவர் நண்பர் ஹென்ரிக் புளூட்சாவும் தேர்வானார்கள். 1705 நவம்பரில் கோபன்ஹேகனிலிருந்து கப்பல் புறப்பட்டது. அப்போது சூயஸ் கால்வாய் கிடையாது. ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டுதான் வர வேண்டும். ஏழு மாதத்துக்கும் மேல் ஆனது. 1706 ஜூலை 9ம் தேதி இருவரும் தரங்கம்பாடியில் கால் வைத்தார்கள். சீகன்பால்குக்கு அப்போது ஏறக்குறைய 24 வயது.

வரவேற்பு எப்படி இருந்தது? வரவேற்பே இல்லை! கோட்டைத் தலைவர் ஹாசியஸ் அவர்களை நெடுநேரம் காக்க வைத்தார். பிறகும் முகம் கொடுத்துப் பேசவில்லை. தங்க இடம்கூடக் காட்டவில்லை. வியாபாரம் செய்ய வந்த இடத்தில் இவர்களால் தொல்லை வரும் என்பது கம்பெனிக்காரர்களின் எண்ணம். கையில் மன்னரின் கடிதம் இருந்தும் இருவரும் தெருவில் நின்றார்கள்.

மாணவரான போதகர்

ஊரில் ஐரோப்பியர்கள் உள்ளூர் மக்களோடு அரைகுறைப் போர்ச்சுக்கீசிய மொழியில் பேசிச் சமாளித்து வந்தார்கள். அதுவே போதும் என்று இருந்திருக்கலாம். ஆனால், சீகன்பால்குக்கு அது போதவில்லை. வியாபாரத்துக்கு அரைகுறை மொழி போதும்; வேதத்துக்குத் தாய்மொழியே வேண்டும் என்று அவர் நினைத்தார். புளூட்சாவ் போர்ச்சுக்கீசிய மொழியில் கவனம் செலுத்த, சீகன்பால்கு தமிழைப் பிடித்துக் கொண்டார்.

யார் சொல்லிக் கொடுப்பது? ஊரில் ஒரு முதிய திண்ணைப் பள்ளி ஆசிரியர் இருந்தார். சீகன்பால்கு அவரை வேண்டி, பள்ளியையே தம் வீட்டுக்கு மாற்றிக்கொண்டு வரச் செய்தார். பிள்ளைகள் வரிசையாகத் தரையில் உட்கார்ந்து, மணலைப் பரப்பி, விரலால் எழுத்துகளை எழுதி, உரக்கச் சொல்வார்கள். சிலேட்டும் நோட்டும் இல்லாத காலம் அது! அந்தச் சிறுவர்களோடு சிறுவர்களாக இந்த இரண்டு வெள்ளைக்காரர்களும் சம்மணமிட்டு உட்கார்ந்தார்கள். பிள்ளைகள் எழுதுவதைப் பார்த்து, தாங்களும் மணலில் விரலை வைத்து எழுதினார்கள். பிள்ளைகள் சொல்வதைக் கேட்டு, தாங்களும் சொன்னார்கள்.

கடவுளின் செய்தியைச் சொல்லிக் கொடுக்க வந்தவர், முதலில் உங்கள் வயதுப் பிள்ளைகளிடம் பாடம் கேட்டார், பார்த்தீர்களா?

சில நாட்களில் எழுத்துகள் வந்துவிட்டன. ஆனால், பொருள் தெரியவில்லை! ஏனென்றால் அந்த ஆசிரியருக்குத் தமிழைத் தவிர வேறு மொழி தெரியாது. பிறகு ஐரோப்பிய மொழிகள் தெரிந்த உள்ளூர்த் துபாஷி ஒருவர் கிடைத்தார். துபாஷி என்றால் மொழிபெயர்த்துச் சொல்பவர். அவர் உதவியால் கதவு திறந்தது. எட்டு மாதத்தில் சீகன்பால்கு தமிழ் பேசினார், எழுதினார், படித்தார்!

அவருடைய கால அட்டவணையைக் கேளுங்கள். காலை 7 மணி முதல் 8 மணி வரை, முன்பு படித்த சொற்களையும் தொடர்களையும் திரும்பச் சொல்லிப் பார்ப்பார். 8 முதல் 12 வரை, புதிய தமிழ் நூல்களைப் படிப்பார். பக்கத்தில் ஒரு முதிய புலவரும், எழுத்தர் ஒருவரும் இருப்பார்கள். புலவர் பொருள் சொல்வார். எழுத்தர் புதிய சொற்களைக் குறித்துக் கொள்வார். பிற்பகலிலும் இதே வேலை. இரவில் கண் வலிக்கும் என்பதால், வேறொருவரை வாசிக்கச் சொல்லிக் கேட்பார். புரியாத வரியைப் புரியும்வரை விட மாட்டார்.

இப்படியே சேர்ந்தது ஓர் அகராதி. 1708க்குள் அதில் 20 ஆயிரம் சொற்கள்! செய்யுள்களில் வரும் சொற்களுக்கு என்றே தனியாக இன்னோர் அகராதியும் தொகுத்தார். ஓலைச்சுவடிகளைத் தேடித் தேடி வாங்கினார். விற்க மறுத்தால் ஆள் வைத்துப் பிரதி எடுத்தார். 1708ல் அவர் எழுதிய நூல் பட்டியலில் தமிழர்கள் எழுதிய நூல்கள் மட்டும் 119 இருந்தன. திருக்குறளும் அதில் உண்டு. கொன்றை வேந்தன், உலக நீதி, நீதி வெண்பா ஆகிய மூன்றையும் அதே ஆண்டில் ஜெர்மன் மொழியில் பெயர்த்தார். நீங்கள் படிக்கிற அதே கொன்றை வேந்தன்தான்!

தமிழர்கள் அறிவு இல்லாதவர்கள் என்று ஐரோப்பாவில் பலர் நினைத்துக்கொண்டிருந்தார்கள். தாமும் அப்படி நினைத்தே வந்ததாகவும், தமிழ் நூல்களைப் படித்த பிறகு அந்த எண்ணம் மாறிவிட்டதாகவும் சீகன்பால்கு தம் ஊருக்கு எழுதினார்.

நான்கு மாதச் சிறை

1708 அக்டோபர் 17ம் தேதி, தம் வாழ்வின் பெரிய வேலையைத் தொடங்கினார். புதிய ஏற்பாட்டைத் தமிழில் பெயர்க்கும் வேலை. தொடங்கி ஒரு மாதம்தான் ஆனது. நவம்பரில் சிப்பாய்கள் வந்து அவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள்!

என்ன குற்றம்? ஊரில் ஏழை விதவை ஒருத்திக்குக் கடன் விவகாரத்தில் அநீதி நடப்பதாகத் தோன்றியதால், அவளுக்காகப் பரிந்து பேசினார். ஏற்கெனவே கோபத்தில் இருந்த கோட்டைத் தலைவர், இதைச் சாக்காக வைத்து அவரைக் கோட்டைக்குள் அடைத்துவிட்டார். தொடக்கத்தில் பேனாவும் மையும்கூடக் கொடுக்கவில்லை. எழுதுவதற்காகவே கடல் கடந்து வந்தவருக்கு இதைவிடப் பெரிய தண்டனை வேறு உண்டா?

வெயிலும் புழுக்கமும் நிறைந்த அந்த அறையில் நான்கு மாதங்களுக்கு மேல் இருந்தார். 1709 மார்ச்சில்தான் விடுதலை ஆனார். வெளியே வந்தவர் ஊருக்குத் திரும்பிப் போகவில்லை. மேசைக்குத் திரும்பிப் போனார். விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடர்ந்தார். 1711 மார்ச் 31ம் தேதி புதிய ஏற்பாட்டின் 27 நூல்களையும் தமிழில் முடித்தார்.

எந்தச் சொல்லைப் போடுவது?

மொழிபெயர்ப்பு என்றால் அகராதியைப் பார்த்துச் சொல்லுக்குச் சொல் மாற்றுவது என்று நினைத்து விடாதீர்கள். கிரேக்க மூலத்தில் கடவுளைக் குறிக்கும் சொல்லுக்குத் தமிழில் எந்தச் சொல்லைப் போடுவது? தமிழில்தான் இறைவன், தெய்வம், தேவன், ஆண்டவன், பகவான் என்று எத்தனை சொற்கள்! ஒவ்வொன்றுக்கும் ஒரு சாயல் உண்டு.

சீகன்பால்கு, சருவேசுரன் என்ற சொல்லைப் பயன்படுத்தினார். எல்லாவற்றுக்கும் தலைவர் என்று அதற்குப் பொருள். அவருக்கு முன்பே தமிழகத்தில் பணி செய்த கத்தோலிக்கக் குருமார்கள் பயன்படுத்திய சொல் அது. பின்னால் வந்த பப்ரிஷியஸ் என்பவர், பராபரன் என்று போட்டார். அதற்குப் பின் வந்தவர்கள் தேவன் என்றார்கள். 1995ல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பில் கடவுள் என்று இருக்கிறது. ஒரே சொல்லுக்கு 300 ஆண்டுகளாகத் தேடல் நடக்கிறது, பாருங்கள்!

ஏன் இவ்வளவு கவலை? கிறிஸ்தவர்களைப் பொறுத்தவரை, இது வெறும் கதைப் புத்தகம் அல்ல. கடவுள் தம்மோடு பேசும் பேச்சு. அதில் ஒரு சொல் தவறினால், கடவுள் சொல்லாததைச் சொன்னதாக ஆகிவிடும். அதே நேரம், படிப்பவருக்குப் புரியாமல் போனாலும் பயன் இல்லை. இந்த இரண்டு பயமும் அவர் தோளில் இருந்தன. புலவர்களுக்கு மட்டும் விளங்கும் செந்தமிழில் எழுதாமல், சாதாரண மக்களுக்கு விளங்கும் தமிழில் எழுதினார்.

அவர் தம் சமயமே உண்மை என்று நம்பினார்; மற்றவர்கள் அதில் சேர வேண்டும் என்று விரும்பினார். அதற்காகத்தான் வந்தார். ஆனாலும், பேசுவதற்கு முன் கேட்க வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. தமிழ் மக்களுடைய நம்பிக்கைகளைப் பற்றிக் கேள்விகள் எழுதி அனுப்பி, படித்தவர்களிடம் பதில்கள் வாங்கினார். அப்படி வந்த கடிதங்கள் ஏறக்குறைய 100. அவை ஜெர்மன் மொழியில் அச்சாகின. தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி ஒரு பெரிய நூலையே 1713ல் எழுதி ஹாலேக்கு அனுப்பினார். இதற்காகவா உங்களை அனுப்பினோம் என்ற தொனியில் அங்கிருந்து பதில் வந்தது. நூலை அச்சிட மறுத்து விட்டார்கள். 1867ல்தான், அதுவும் சென்னையில், அது அச்சேறியது!

கடலில் சிக்கிய அச்சு இயந்திரம்

மொழிபெயர்ப்பு முடிந்தது. ஆனால், ஓலையில் எழுத்தாணியால் ஒவ்வொரு பிரதியாக எழுதினால் எத்தனை பேருக்குக் கொடுக்க முடியும்? அச்சு இயந்திரம் தேவைப்பட்டது.

தமிழ் அச்சு அப்போது புதிதல்ல. 1578லேயே ஹென்ரிக்கே ஹென்ரிக்கஸ் என்ற போர்ச்சுக்கீசியப் பாதிரியார், தம்பிரான் வணக்கம் என்ற சிறு நூலைக் கொல்லத்தில் தமிழில் அச்சிட்டார். இந்திய எழுத்தில் இந்திய மண்ணில் அச்சான முதல் நூல் அதுதான். ஆனால், அந்தப் பணி தொடர்ந்து நடக்காமல் நின்று போயிருந்தது.

லண்டனில் இருந்த கிறிஸ்தவ அறிவு வளர்ச்சிச் சங்கம் ஓர் அச்சு இயந்திரத்தைக் கப்பலில் அனுப்பியது. வழியில் பிரேசில் நாட்டுக்கு அருகே அந்தக் கப்பலைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்துக் கொண்டார்கள்! இயந்திரம் எப்படியோ தப்பியது. ஆனால், அதை இயக்க வந்த அச்சுக்காரர் பயணத்தின்போதே இறந்து விட்டார். 1712ல் இயந்திரம் வந்து சேர்ந்தபோது, அதை ஓட்ட ஆள் இல்லை. தேடிப் பார்த்தால், தரங்கம்பாடிக் கோட்டையிலேயே அச்சு வேலை தெரிந்த ஒரு சிப்பாய் இருந்தார்!

சரி, தமிழ் எழுத்துக்கு எங்கே போவது? தமிழில் 247 எழுத்துகள் என்று படித்திருக்கிறீர்கள். அவற்றை அச்சில் கொண்டுவர உலோக அச்சுகள் வார்க்க வேண்டும். சீகன்பால்கு எழுத்துகளின் வடிவத்தை ஹாலேக்கு எழுதி அனுப்பினார். தமிழே தெரியாத கைவினைஞர்கள் அதைப் பார்த்துப் பார்த்து வார்த்து, 1713ல் அனுப்பி வைத்தார்கள். கூடவே அட்லர் என்ற அச்சுக் கலைஞரும் வந்தார்.

மகிழ்ச்சியோடு அச்சிடத் தொடங்கினால் மறுபடியும் தலைவலி! எழுத்துகள் மிகப் பெரியவை. ஒரு பக்கத்தில் சில வரிகளே அடங்கின. காகிதமோ ஐரோப்பாவிலிருந்து வர வேண்டும். இப்படிப் போனால் புத்தகம் முடிவதற்குள் காகிதம் முடிந்துவிடும். அட்லர், பக்கத்து ஊரான பொறையாற்றில் ஒரு வார்ப்புப் பட்டறை அமைத்து, சிறிய எழுத்துகளை வார்த்தார். அதற்கு ஈயம்? இங்கிலாந்திலிருந்து பாலாடைக்கட்டி வந்த ஈயப் பெட்டிகளை உருக்கியே எழுத்து செய்தார்கள் என்று சொல்லப்படுகிறது! பிறகு பொறையாற்றிலேயே காகித ஆலையும் தொடங்கினார்கள்.

1714ல் இயேசுவின் வாழ்க்கையைச் சொல்லும் நான்கு நற்செய்தி நூல்களும், அப்போஸ்தலர் நடபடிகள் என்னும் ஐந்தாம் நூலும் வெளிவந்தன. 1715ல் மீதிப் பகுதியும் அச்சாகிப் புதிய ஏற்பாடு நிறைவடைந்தது. இந்திய மொழிகளிலேயே முதன்முதலில் அச்சான புதிய ஏற்பாடு நம் தமிழில்தான்!

பள்ளிக்கூடம் எதற்கு?

புத்தகம் இருந்தால் போதுமா? படிக்கத் தெரிய வேண்டாமா? அதனால்தான் சீகன்பால்கு வந்த புதிதிலேயே பள்ளிகளைத் தொடங்கினார். 1707ல் பெண் குழந்தைகளுக்கும் ஒரு பள்ளி தொடங்கினார். பெண்கள் படிப்பதை யாரும் நினைத்துப் பார்க்காத காலம் அது. படிக்க வந்த ஏழைப் பிள்ளைகளுக்கு உணவும் உடையும் கொடுத்தார்.

கடவுள் எல்லாரோடும் பேசுகிறார் என்றால், எல்லாரும் எழுத்து அறிந்திருக்க வேண்டும். ஆண், பெண், ஏழை, அடிமை என்று யாரையும் விட்டுவிட முடியாது. அவருடைய நம்பிக்கையும், பள்ளிக்கூடமும் ஒரே நூலில் கோத்தவை.

குறை சொன்னவர்களும் உண்டு

சீகன்பால்கின் தமிழ் குற்றமே இல்லாதது என்று சொல்ல முடியாது. அதே காலத்தில் தமிழகத்தில் வாழ்ந்தவர் வீரமாமுனிவர். இத்தாலியில் பிறந்து, தேம்பாவணி என்ற காப்பியத்தையே பாடிய பெரும் புலவர். கத்தோலிக்கரான அவருக்கும், லூத்தர் வழிவந்த தரங்கம்பாடிக்காரர்களுக்கும் கொள்கையில் ஒத்துப்போகவில்லை. சீகன்பால்கின் மொழிபெயர்ப்புத் தமிழை அவர் கடுமையாகக் குறை கூறி எழுதினார். அதில் நியாயமும் இருந்தது. வழக்குப் பேச்சும் பிழைகளும் அந்த நூலில் கலந்திருந்தன.

ஆனால், முதலில் ஒருவர் பாதை போட்டால்தானே, பின்னால் வருபவர் அதைச் சீர் செய்ய முடியும்? பப்ரிஷியஸ் போன்றவர்கள் பிற்காலத்தில் பல ஆண்டுகள் உழைத்து அந்த மொழிபெயர்ப்பைச் செம்மைப்படுத்தினார்கள்.

பாதியில் நின்ற வேலை

1714 அக்டோபரில் சீகன்பால்கு ஐரோப்பாவுக்குப் புறப்பட்டார். மலையப்பன் என்ற தமிழ் இளைஞரும் உடன் போனார். கப்பலிலும் வேலை நிற்கவில்லை. ஐரோப்பியர் தமிழ் கற்பதற்காக லத்தீன் மொழியில் அவர் எழுதிய தமிழ் இலக்கணம் 1716ல் ஹாலேயில் அச்சானது. ஐரோப்பாவிலேயே மரியா டோரத்தியா என்ற பெண்ணை மணந்து, 1716 ஆகஸ்டில் மனைவியோடு தரங்கம்பாடி திரும்பினார்.

அடுத்து, பழைய ஏற்பாடு. அது புதிய ஏற்பாட்டைப் போல மூன்று மடங்குக்கும் மேல் பெரியது. இதற்கிடையே புதிய எருசலேம் ஆலயத்தைக் கட்டி, 1718ல் திறந்தார். உடலோ தேய்ந்துகொண்டே வந்தது. சிறு வயதிலிருந்தே இருந்த வயிற்று நோய் முற்றியது. கோபன்ஹேகனில் இருந்த மேலதிகாரிகளோ குறை சொல்லிக் கடிதம் எழுதினார்கள்.

ஆதியாகமம் முடிந்தது. யாத்திராகமம் முடிந்தது. ஒவ்வொரு நூலாக முடித்து, எட்டாவது நூலான ரூத் வரை வந்தார். பழைய ஏற்பாட்டில் இன்னும் 31 நூல்கள் இருந்தன. 1719 பிப்ரவரி 23ம் தேதி சீகன்பால்கு கண் மூடினார். தாம் கட்டிய ஆலயத்துக்குள்ளேயே அடக்கம் செய்யப்பட்டார்.

வேலை நின்றுவிட்டதா? இல்லை. அவர் விட்ட இடத்திலிருந்து பெஞ்சமின் சூல்ட்சே என்பவர் தொடர்ந்தார். 1723 முதல் 1728 வரை பழைய ஏற்பாடு பகுதி பகுதியாகத் தரங்கம்பாடியில் அச்சானது. தமிழர் கையில் முழு பைபிள் கிடைத்தது.

இன்று...

அந்தப் பழைய புத்தகத்துக்கும் ஒரு துப்பறியும் கதை உண்டு! 1715ம் ஆண்டுப் பதிப்பின் ஒரு பிரதி, பிற்காலத்தில் தஞ்சை மன்னர் சரபோஜியின் கைக்குப் போய், சரசுவதி மகால் நூலகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டிருந்தது. 2005ல் அது திடீரென்று காணாமல் போனது. தேடித் தேடி, 2022ல் அது லண்டனில் ஒரு சேகரிப்பில் இருப்பதைத் தமிழகக் காவல்துறையின் சிலைக் கடத்தல் தடுப்புப் பிரிவு கண்டுபிடித்து அறிவித்தது.

தரங்கம்பாடி இப்போது மயிலாடுதுறை மாவட்டத்தில் இருக்கிறது. அங்கே போனால் டேனிஷ் கோட்டையையும், புதிய எருசலேம் ஆலயத்தையும், அருங்காட்சியகமாக மாறியிருக்கும் சீகன்பால்கின் வீட்டையும் பாருங்கள். கோட்டைக்குள் நுழையும்போது, பேனா மறுக்கப்பட்ட அந்தக் கைதியை நினைத்துக் கொள்ளுங்கள்.

இன்று உலகில் 700க்கும் மேற்பட்ட மொழிகளில் முழு பைபிள் இருக்கிறது. ஒவ்வொரு மொழியிலும் யாரோ ஒருவர் அந்த மொழியின் முதல் எழுத்திலிருந்து தொடங்கி உழைத்திருப்பார். கடவுள் தூரத்து மொழியில் அல்ல, அம்மா பேசும் மொழியில் தம்மோடு பேச வேண்டும் என்று மக்கள் ஏங்குவதே அதற்குக் காரணம்.

நீங்கள் எந்தச் சமயத்தைச் சேர்ந்தவராகவும் இருக்கலாம். சீகன்பால்கிடம் நாம் எல்லாரும் கற்றுக்கொள்ள ஒன்று இருக்கிறது. பிறருக்கு ஒன்றைச் சொல்ல வேண்டுமானால், முதலில் அவர்கள் மொழியைக் கற்க வேண்டும். அதற்கு அவர்கள் பக்கத்தில் தரையில் உட்காரவும் தயங்கக் கூடாது.

அடுத்த முறை தமிழ்ப் பாடத்தில் கொன்றை வேந்தன் படிக்கும்போது, அதே வரிகளை 300 ஆண்டுகளுக்கு முன் கடலோர வீடு ஒன்றில் ஒரு ஜெர்மன்காரரும் எழுத்துக் கூட்டிப் படித்தார் என்பதை நினைத்துக் கொள்வீர்களா, செல்வங்களே?